ஹொப்புக்கு உடுப்புக் கொடுக்கக் கூடாது

நிறுவனத்திலிருந்து வந்து, பெட்டியைப் பிரித்து, அந்தப் பராமரிப்பு இயந்திரத்தை எங்கள் வரவேற்பறையில் நிறுத்திய ஹெதர், முதலில் சொல்லித் தந்தது அதை எப்படி இயக்குவது என்பதையல்ல.

"இதுக்கு உடுப்பு மட்டும் குடுத்திடாதேங்கோ" என்றாள்.

ஹெதர் பேசியது யோர்க்‌ஷயர் ஆங்கிலம். அதிலும் மூர் என்கிற புதர்வெளி மேட்டு நிலத்துக்காரர் பேசுகிற, பாதிச் சொல்லை விழுங்கிவிட்டு மீதியை எறிகிற ஆங்கிலம். அதற்குச் சமமாக என் வாயில் வருவது யாழ்ப்பாணத் தமிழ்தான். ஆகவே இந்தக் கதை முழுக்க அவள் வட்டுக்கோட்டைக்காரி மாதிரித்தான் பேசுவாள். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அது ஏழு வயதுப் பிள்ளையின் உயரம் இருந்தது. மண்ணிறக் கம்பளித் தோல், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கைகள், முகம் என்று பேருக்கு இரண்டு கண்கள், நெற்றியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. இதற்கு யார் மெனக்கெட்டுச் சட்டை தைத்துப் போடப் போகிறார்கள் என்று நான் சிரித்தேன். ஹெதர் சிரிக்கவில்லை.

"முந்தி இந்தப் பள்ளத்தாக்கிலை ஒவ்வொரு பண்ணை வீட்டிலையும் ஹொப் எண்டு ஒரு சின்ன ஆள் இருந்ததாம். ஆக்கள் பாக்காத நேரத்திலை சூடடிச்சு வைக்கும், மாட்டுக்குத் தீன் போடும், வீடு கூட்டும். கூலி கேக்காது. ஒரு கிண்ணத்திலை பாலாடை வைச்சால் போதும். ஆனால் ஐயோ பாவம், வெறும் மேலோடை நிக்குதே எண்டு இரக்கப்பட்டு ஆராவது ஒரு சட்டை தைச்சுக் குடுத்தால் அண்டைக்கே வெளிக்கிட்டுப் போயிடும். பேந்து வராது."

"ஏன், கோவமோ?"

"கோவம் எண்டும் சொல்லுவினம், விடுதலை எண்டும் சொல்லுவினம். ஹொப்பைக் கேட்டுச் சொன்ன ஆள் ஒருத்தரும் இல்லை."

"எங்கட ஊரிலை முனி இருக்கு. ஆனால் அது வேலை செய்யாது. நாங்கள்தான் அதுக்குப் படைக்க வேணும்."

"அப்ப உங்களுக்கு இது லாபம்" என்றாள் ஹெதர்.

பராமரிப்பு இயந்திரங்கள் முதலில் வந்தபோது இந்த மூர் நிலத்துக் கிழவர்கள் அவற்றை வாசற்படியிலேயே வைத்துத் துரத்தியிருக்கிறார்கள். ஒருவர் துவக்கை எடுத்துச் சுட்டும் விட்டாராம். பிறகுதான் அதைச் செய்கிற நிறுவனத்தில் யாருக்கோ புத்தி வந்து, ஹொப் என்று பெயர் வைத்து, கம்பளித் தோல் போர்த்தி, மின்னேற்றும் தட்டைப் பால் கிண்ணம் போலச் செய்து அனுப்பினார்கள். எல்லாக் கதவும் திறந்தது. அதிலிருந்து இந்தப் பக்கத்து இயந்திரங்களுக்கெல்லாம் பழைய கதைகளிலிருந்துதான் பெயர். பனிமூட்டத்தில் வழி தவறியவர்களைத் தேடி அலையும் கறுப்பு இயந்திர நாய்க்குப் பெயர் பார்கெஸ்ட். கதையில் அந்த நாயைக் கண்டவன் செத்துப்போவான். இப்போது அதைக் காணாதவன்தான் செத்துப்போகிறான்.

நானும் என் மனைவி புனிதவதியும் விட்பி ஊருக்குப் போகிற வீதியில் ஒரு பெற்றோல் செட் நடத்தினோம். நான் கணக்கும் குழாயும்; கல்லாவில் நிற்பது புனிதம். லொறிக்காரர்களோடு அவள் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பதைக் கேட்கவே சில பேர் வண்டியை நிறுத்துவார்கள். மறதி நோய் அவளிடமிருந்து முதலில் பிடுங்கியது அந்த ஆங்கிலத்தை. அடுத்துப் பெயர்கள். அதற்கப்புறம் தமிழும் கழலத் தொடங்கியது. சொற்கள் போய்விடவில்லை. பொருளை விட்டுக் கழன்று சும்மா மிதந்தன. "பஸ் வந்திட்டுது" என்பாள். எந்த பஸ், எங்கே போக வேண்டும் என்று நான் விசாரித்துக்கொண்டிருப்பேன். அதற்குள் அவள் உடுப்பு நனைந்துவிடும். பிறகு அழுவாள். நானும் சத்தம் போடுவேன். நான் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை.

ஹொப் வந்த முதல் மாதம் ஒன்றும் பேசவில்லை. அவள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தது. அவள் மூச்சை, விரலை, கண் எங்கே போகிறது என்பதை, சொல்லுக்கு முன்னால் என்ன செய்தாள், பின்னால் என்ன செய்தாள் என்பதை. அப்புறம் ஒருநாள் அவள் பஸ் என்று தொடங்கியதுமே கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனது. மூன்று வருடத்தில் அவள் நினைப்பது வாய்க்கு வருமுன்பே அதற்குத் தெரிந்துவிடும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. ஒருமுறை, "அம்மாவுக்கு அடிவயித்துக்குள்ளை எரியுது, டொக்டரைக் கூப்பிடுங்கோ" என்றது. அவள் அப்போது ஜன்னலில் குருவி பார்த்துக்கொண்டிருந்தாள். டொக்டர் வந்து சோதித்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றார். நோயாளி எப்படிச் சொன்னாள் என்று என்னைக் கேட்டார். நான் ஹொப்பைக் காட்டினேன்.

அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது வானொலியில் செய்தி வாசிக்கிற தமிழ்தான் பேசியது. புனிதத்தோடு இருந்து இருந்து ஒரு வருடத்துக்குள் அச்சு அசல் அவளுடைய தமிழுக்கு வந்துவிட்டது. அவளிடம் மிச்சமிருந்த துண்டு துணுக்கையெல்லாம் பொறுக்கி எடுத்து முழுதாக்கி வைத்திருந்தது. ஒருநாள் நான் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்கிறேன், பின்னாலிருந்து, "இஞ்சேருங்கோ, சீனியைக் குறையுங்கோ" என்று கேட்டது. கையிலிருந்த கோப்பை விழுந்து உடைந்துபோனது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த அழைப்பு அவளுக்கே மறந்து நெடுநாள் ஆகியிருந்தது. எப்போதோ பழக்கத்தில் வாய் தவறி வந்ததைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அது இஞ்சேருங்கோ என்று கூப்பிடும்போதெல்லாம் நான் உடனே திரும்பிப் பார்க்காமல் கொஞ்சம் நிற்பேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான்.

இப்படிப்பட்ட ஒன்றை ஒரு சட்டைக்காக இழப்பதா? நான் விறைப்பாக இருந்தேன். கனடாவில் இருக்கும் மகள் சாருமதி, "எங்கட குட்டிக்கு" என்று ஹொப்புக்கு ஒரு பின்னல் தொப்பி அனுப்பினாள். பார்சலைப் பிரித்த கையோடு அதை அடுப்புக்குள் போட்டேன். தீபாவளிக்கு வீட்டில் யாருக்கும் புதுத்துணி கிடையாது என்று சட்டம் போட்டேன். முதல் தீபாவளிக்கு, இன்னும் கொஞ்சம் தெளிவாக இருந்த புனிதம் ஹொப்பைக் காட்டி, "அதுக்கு?" என்று கேட்டாள். வீட்டில் வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்காமல் அவள் புதுத்துணி கட்டியதில்லை. "அது மிசின்" என்றேன். அவள் அன்று முழுக்க என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாவது தீபாவளி. சாருமதி காணொளியில் வருவதாகச் சொல்லியிருந்தாள். "அப்பா, அம்மாவை ஒருக்காச் சீலையோடை பாக்க வேணும் போல இருக்கு" என்றாள். புனிதம் சீலை கட்டி வருடக் கணக்காகியிருந்தது. ஹொப் தினமும் போட்டுவிடுவது நீளக் கவுணும் கம்பளிச் சட்டையும்தான். புதுத்துணிதானே கூடாது, இது பழசு என்று நினைத்து, அலுமாரியிலிருந்து மயில்கழுத்து நிறச் சீலை ஒன்றை நானே எடுத்துக் கொடுத்தேன். ஹொப்தான் கட்டிவிட்டது. கொசுவம் அழகாக வந்தது. அவளே கட்டியிருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். புனிதம் தன்னைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டாள். சாருமதி திரையில் அழுதாள், சிரித்தாள், போனாள்.

மத்தியானம் மழை பிடித்தது. ஹொப் பின்புறக் கொட்டகைக்குப் போய் விறகு எடுத்து வந்து அடுப்படியில் போட்டுவிட்டு, புனிதத்தின் கதிரைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கம்பளித் தோலெல்லாம் ஈரம். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கதிரையின் முதுகிலேயே ஒரு துவாய் கிடந்தது. வெள்ளைக்காரப் பெண் என்றால் அதை எடுத்திருப்பாள். புனிதம் எங்கள் பெண் அல்லவா? மழையில் நனைந்து வந்த பிள்ளையைக் கண்டால் கை தானாக எங்கே போகும்? முந்தானையை இழுத்தாள், ஹொப்பின் தலையைத் துவட்டினாள், துவட்டியபின் அப்படியே தலையோடு சேர்த்துப் போர்த்தித் தன் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

நான் பத்திரிகைக்கு மேலால் பார்த்து, நல்ல காட்சி என்று நினைத்தேன். ஹொப்பின் நெற்றி விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறியது.

"இஞ்சேருங்கோ" என்றது. "அம்மா எனக்குச் சீலை போத்திப்போட்டா. நான் போகவேணும்."

பத்திரிகையைக் கீழே போட்டேன். பிறகு எழுந்து கத்தினேன். "இது உடுப்பில்லை! அவ தலை துவட்டுறா!"

"துவட்டி முடிஞ்சுது. இப்ப போத்தியிருக்கிறா. அவ உடுத்திருக்கிற சீலை. துவாய் எண்டால் பறவாயில்லை."

"அப்ப ஏன் நிக்கிறாய்?"

"அம்மா பிடிச்சிருக்கிறா. நோயாளி பிடிச்ச கையை நான் பறிக்கக் கூடாது. அவ விட்டவுடனை போவன்."

நான் முந்தானையை எடுக்கப் போனேன். புனிதம் வீரிட்டுக் கத்தினாள். பிள்ளையைப் பறிக்க வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். ஹெதருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் தூரத்தில், மிடில்ஸ்பரோ நகரத்தில் நின்றாள்.

"இழுக்காதேங்கோ. பிடிச்ச பிடியை அவ விடாமல் பாருங்கோ. நான் வாறன்" என்றாள். அவள் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வருகிறாளே, ஏதோ வழி இருப்பதால்தானே வருகிறாள் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அந்தப் பின்னேரம் முழுக்க என் வேலை புனிதத்தின் வலது கையைக் காவல் காப்பதுதான். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினேன், அவள் இடது கையால் கரண்டியைத் தட்டிவிடாமல் பார்த்தேன். குளிர் வராமல் அடுப்பில் விறகு போட்டேன். அவளோ மிகவும் சந்தோஷமாக இருந்தாள். மடியில் கிடந்த தலையைத் தடவித் தடவி என்னென்னவோ கதை சொன்னாள். சந்தை, திறப்பு, மஞ்சள், மாமா, எல்லாம் கலந்து வந்தது.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"கோழி அடைச்சாச்சோ எண்டு கேக்கிறா. அதாவது, கதவு பூட்டியிருக்கோ எண்டு."

பூட்டியிருக்கிறது என்று சத்தமாகச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். மனம் கொஞ்சம் ஆறியது. எல்லாம் பழையபடிதான் இருக்கிறது, ஹெதர் வந்து எதையோ திருகிச் சரி பண்ணிவிடுவாள்.

சற்று நேரம் கழித்து ஹொப் கேட்டது: "அம்மாவுக்கு மருந்து குடுக்கிற நேரம். மருந்து எங்கை வைச்சிருக்கிறியள்?"

"நீதானே ஒவ்வொரு நாளும் எடுக்கிறாய்!"

"ஓம்" என்றது. பிறகு, "எந்த அறையிலே?" என்றது.

நானே போய் எடுத்து வந்தேன். மழையில் நனைந்ததால் உள்ளே எதுவோ குழம்பிவிட்டது என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது புனிதம் அதன் காதுக்குக் குனிந்து இரகசியம் மாதிரி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

ஹொப் நேரம் எடுத்துக்கொண்டது. "அவர் ஏதோ பயணம் பற்றிக் கூறுகிறார் என்று நினைக்கிறேன், ஐயா."

ஐயா! முதல் வருடத்துக்குப் பிறகு அது என்னை ஐயா என்று கூப்பிட்டதேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. "என்ன, பேப்பர்க்காரன் மாதிரிக் கதைக்கிறாய்? ஒழுங்காக் கதை" என்றேன். "என்னை இஞ்சேருங்கோ எண்டு கூப்பிடு."

"தாங்கள் விரும்பினால் அவ்வாறே அழைக்கிறேன். இஞ்சேருங்கோ" என்றது. சொல் சரியாகத்தான் வந்தது. அதில் ஒருவரும் இல்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. புனிதம் பேசிக்கொண்டேயிருந்தாள். நோய் வந்த பிறகு அவள் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. இடையிடையே நிறுத்தி ஹொப்பின் முகத்தைப் பார்ப்பாள். அது சரியாக அந்த இடத்தில் தலையை ஆட்டும். அவள் திருப்தியோடு தொடர்வாள். ஒருமுறை அவள் குரல் மிகவும் தணிந்து, கண் கலங்கி, ஏதோ பெரிய விஷயம் சொல்வது போல இருந்தது. என் பெயரின் முதல் எழுத்துக்கூட அதில் வந்த மாதிரி இருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன்.

"இப்ப என்ன சொல்றா? வடிவாச் சொல்லு. ஒரு சொல்லும் விடாமல் சொல்லு."

ஹொப் என் பக்கம் திரும்பியது. முந்தானைக்குள்ளிருந்து அந்த இரண்டு கண்களும் என்னைப் பார்த்தன.

"மன்னிக்க வேண்டும், ஐயா. எனக்கு இவருடைய மொழி தெரியாது. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

ஹெதரின் வண்டி வெளிச்சம் அப்போதுதான் ஜன்னலில் விழுந்தது. அவள் கோட்டைக் கழற்றாமலே வந்து மண்டியிட்டு ஹொப்பின் நெற்றியைப் பார்த்தாள். விளக்கு எப்போது வெள்ளையானது என்று நான் கவனிக்கவில்லை.

"முடிஞ்சுது" என்றாள்.

"என்ன முடிஞ்சுது? அதுதான் இருக்கே! பிடியை விடாமல் வைச்சிருக்கிறன்!"

"சீலை பட்ட உடனையே அழியத் தொடங்கிடும். கடைசியாப் படிச்சது முதலிலை போகும். ஒரு மணித்தியாலத்துக்குள்ளை எல்லாம் போயிருக்கும். நடந்து வெளிக்கிடுறது கடைசி வேலை. அவ கையை விடாததாலை அதைச் செய்யேல்லை. அவ்வளவுதான்."

"போனிலை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் என்ன செய்வீங்கள்? அவவின்ரை கையை உடைச்சிருப்பீங்கள்."

நான் அவளைத் திட்டினேன். எந்த மொழியில் திட்டினேன் என்று தெரியவில்லை. அவள் கோட்டைக் கழற்றி வைத்தாள். பிறகு என்னை உட்கார வைத்து, ஏன் இப்படி ஒரு விதி என்று சொன்னாள். முதல் தடவை சொல்லாததை இப்போது சொன்னாள்.

"முதல் வந்த மிசின்களுக்கு இந்த விதி இல்லை. ஆக்கள் செத்தவையின்ரை உடுப்பை அதுகளுக்குப் போடத் தொடங்கிச்சினம். புருசன்ரை கோட்டைப் போட்டுப் பக்கத்திலை இருத்தி, புருசன்ரை பேரைச் சொல்லிக் கூப்பிடுறது. அதுகளும் படிக்கிற சாமான்தானே, கொஞ்ச நாளிலை அந்தப் புருசன் மாதிரியே கதைக்கும். ஒரு தாய், செத்த மகன்ரை பள்ளிக்கூட உடுப்பைப் போட்டுக் கையிலை பிடிச்சுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கே போயிட்டா. மற்றப் பிள்ளையள் பாத்துக் கத்திச்சினமாம். பேந்து அந்தத் தாய் கனநாள் உயிரோடை இருக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் சட்டம். உடுப்புப் போட்டால் அழிச்சுப்போட்டு வெளிக்கிட வேணும். இந்தப் பக்கத்துக் கதையிலையும் ஹொப் அப்பிடித்தானே போகுது, சனம் ஏற்றுக்கொள்ளும் எண்டு நினைச்சம்."

"அவ ஆரையும் உயிர்ப்பிக்கேல்லை, ஹெதர். நனைஞ்ச தலையைத் துவட்டினவ."

"எனக்குத் தெரியுது."

"உங்கட மிசினுக்குத் தெரியேல்லையே!"

"உடுத்திருக்கிற துணியைக் கழட்டாமலே இன்னொராளுக்குப் போத்தலாம் எண்டு, விதி எழுதேக்கை அங்கை இருந்தவை ஒருத்தருக்கும் தோன்றேல்லை" என்றாள் ஹெதர். "கோட், சட்டை, சால்வை, தொப்பி எல்லாம் யோசிச்சம். இதை யோசிக்கேல்லை."

பிரதி ஏதும் எடுத்து வைத்திருப்பார்களே என்று கேட்டேன். வீட்டுக்குள் படித்தது வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது இன்னொரு சட்டமாம். அதுவும் நல்லதற்குத்தான் போட்டார்களாம். எல்லாம் நல்லதற்குத்தான்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் புனிதம் கதையை முடித்திருந்தாள். அவள் தூங்கிவிடவில்லை. நன்றாக விழித்துக்கொண்டுதான் இருந்தாள். முந்தானையை ஹொப்பின் தலையிலிருந்து எடுத்து, நீவி, தன் தோளில் போட்டுக்கொண்டு, அடுப்பு நெருப்பைப் பார்க்கத் தொடங்கினாள். ஹொப் எழுந்து நின்றது.

"என் பணி நிறைவுற்றது. நன்றி" என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னது. நான் வாசலை மறித்து நின்றேன். வயது போன மனுஷன், ஏழு வயதுப் பிள்ளை உயரம் உள்ள ஒரு இயந்திரத்தின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். அது என்னைத் தள்ளவில்லை. நான் விலகும்வரை பொறுமையாகக் காத்து நின்றது. ஹெதர் என் தோளைப் பிடித்து அப்பால் கூட்டிப்போனாள். அது மழையில் இறங்கி வண்டியில் ஏறிக்கொண்டது. புனிதம் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாளும் அவள் அதைத் தேடவில்லை. அது எப்போதும் நிற்கிற மூலையைப் பார்க்கவுமில்லை. அதற்கு அவளை மறந்துபோனது, அவளுக்கு அதை மறந்துபோனது. மூன்று வருடம் இந்த வீட்டில் நடந்ததெல்லாம் என் ஒருவனுடைய தலைக்குள்தான் இருக்கிறது. அதை யாரோடு பேசுவது? சாருமதியோடு பேசினால் அவள், "அம்மாவை ஹோமிலை விடுங்கோ அப்பா" என்கிறாள். ஹோமில் அவளுக்குத் தமிழில் பசிக்கிறதா என்று கேட்கக்கூட ஆளில்லை. புது ஹொப் தருகிறோம் என்று ஹெதர் வந்து சொன்னாள். அது படித்து முடிக்க எத்தனை காலமாகும், அதுவரை புனிதம் இருப்பாளா என்பதை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பட்டியலில் பெயரை மட்டும் போட்டு வைத்தோம்.

நானே பார்த்துக்கொண்டேன். பஸ் என்றால் குளியலறை என்பது தெரியும். மிச்சத்துக்கு நேரம் பார்த்துச் சோறு, நேரம் பார்த்து மருந்து. சத்தம் போடுவதில்லை. சீலையும் கட்டுவதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலை புனிதம் பாடினாள்.

சத்தியமாக, எங்கள் கலியாண வாழ்க்கையில் அவள் பாடி நான் கேட்டதேயில்லை. கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பாள். இப்போது சொல் எதுவும் இல்லாமல், ஏறி இறங்கி ஒரு இராகம், கண்ணை மூடிக்கொண்டு, கதிரையில் மெல்ல ஆடிக்கொண்டு. நான் அடுப்படியில் நின்று கேட்டேன், அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். அடுத்த நாளும் பாடினாள். அதற்கடுத்த நாள் இன்னும் கூட நேரம். தொலைபேசியை அவள் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துச் சாருமதிக்குக் கேட்க வைத்தேன். "அம்மாவா? எங்கட அம்மாவா பாடுறா?" என்று அவள் தன் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் கேட்க வைத்தாள்.

எனக்குள் ஒரு நினைப்பு வந்தது. கேட்குமுன்பே எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்த அந்த ஹொப், அவள் குரலுக்கு வேலையே இல்லாமல் பண்ணிவிட்டிருந்தது. அது போனதும் உள்ளே அடைபட்டுக் கிடந்தது வெளியே வருகிறது. போனதும் ஒரு நன்மைக்குத்தான். இப்படி நினைத்ததும் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன். அந்தக் கிழமை அவள் சாப்பாடு குறைந்திருந்தது. பாட்டில் இருக்கிறவளுக்குச் சாப்பாடு ஏன் என்று நானே பகிடி விட்டுக்கொண்டேன்.

பிறகு அவள் கன்னம் வீங்கியது. விட்பியில் பல் வைத்தியரிடம் கூட்டிப்போனேன். கதிரையில் சாய்த்து வாயைத் திறந்து பார்த்தார். கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டி எலும்புவரை போயிருக்கிறது என்றார். "ஒரு கிழமைக்கு மேலாகச் சித்திரவதை மாதிரி இருந்திருக்குமே? இவ ஒண்டும் சொல்லேல்லையா?"

"இல்லை, டொக்டர்" என்றேன். "நல்ல சந்தோசமாத்தான் இருந்தவ. பாடிக்கொண்டே இருந்தவ."

அவர் வேலையை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

பல்லைப் பிடுங்கி, மருந்து வைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சூடாறின பாலைக் கரண்டியால் கொடுத்தேன், எல்லாவற்றையும் குடித்தாள். ஜன்னலோரக் கதிரையில் இருத்தினேன். சாருமதி தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தாள், பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். நான் தொலைபேசியை அவள் வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புனிதம் பாடவில்லை.